வரிசையை எங்கே நிறுத்துவது?

1948 ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை. பெர்லின் நகரத்தில் மேகம் கட்டடங்களின் மொட்டைமாடி வரைக்கும் இறங்கியிருந்தது. மழை என்றால் அப்படி ஒரு மழை. ரேடார் திரையில் எது விமானம், எது மழை என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. டெம்பெல்ஹோஃப் விமான நிலையத்தில் இறங்கிய சி-54 சரக்கு விமானம் ஒன்று ஓடுபாதையின் முனையில் விழுந்து தீப்பிடித்தது. பின்னாலேயே இறங்கிய இன்னொன்று, எரிகிற விமானத்தில் மோதாமலிருக்க பிரேக்கை அழுத்தியதில் டயர்கள் வெடித்து நின்றது. மூன்றாவதாக வந்தது, கட்டி முடிக்காத ஓடுபாதையில் தெரியாமல் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. அதிசயம்தான், ஒருவரும் சாகவில்லை.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. மேற்கே இருந்து மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்று விமானங்கள் வந்துகொண்டே இருந்தன. இறங்க இடமில்லை. டவரில் இருந்தவர்கள் அன்றைய வழக்கப்படி செய்தார்கள்: வருகிறவர்களை எல்லாம் மேலேயே சுற்றச் சொன்னார்கள். 3,000 அடி உயரத்தில் ஒன்று, அதற்கு மேல் ஒன்று, அதற்கும் மேல் ஒன்று என்று 12,000 அடி வரை, இட்லித் தட்டு மாதிரி ஓர் அடுக்கு. மேகத்துக்குள் சுற்றுவதால் யாருக்கும் யாரும் தெரியாது. கொஞ்சம் விலகினால் சோவியத் பகுதி. கீழே சரக்கை இறக்கி முடித்த விமானங்களும் கிளம்ப முடியவில்லை. கிளம்பினால் அந்த அடுக்கின் வழியாகத்தானே மேலே ஏறவேண்டும்? மேலேயும் ஜாம், கீழேயும் ஜாம்.

அந்த அடுக்கில் சுற்றிய விமானங்களில் ஒன்றில் மேஜர் ஜெனரல் வில்லியம் டன்னர் உட்கார்ந்திருந்தார். அமெரிக்கத் தரப்பில் இந்த மொத்த வேலைக்கும் பொறுப்பாளர் அவர்தான். அதிக முறை பறந்த பைலட்டுக்குப் பரிசு கொடுப்பதற்காக பெர்லினுக்கு வந்துகொண்டிருந்தார். பொறுப்பாளரே வட்டமடிக்கிறார், கீழே விழா காத்திருக்கிறது. அவர் ரேடியோவை எடுத்தார். தன் விமானத்தைத் தவிர, அடுக்கில் இருக்கும் எல்லாவற்றையும் கிளம்பிய ஊருக்கே திருப்பி அனுப்பச் சொன்னார்.

விமானப் போக்குவரத்து வரலாற்றில் பெரிய கண்டுபிடிப்புகள் என்று நாம் படிப்பதெல்லாம் இன்ஜின், ஜெட், ரேடார் பற்றித்தான். என்னைக் கேட்டால் இந்த உத்தரவையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பேன். ஒரு நெரிசலில் காத்திருப்பவர்களை எங்கே நிறுத்துவது என்ற கேள்வியை, வானத்தில் முதன்முதலாக இவ்வளவு பச்சையாகக் கேட்டவர் டன்னர். விமானம் ஏன் லேட்டாகிறது என்று இன்றைக்குக் கேட்டாலும், பதில் சுற்றிச்சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போருக்குப் பிறகு ஜெர்மனியை நான்கு நாடுகள் பங்கு போட்டுக்கொண்டன. பெர்லினும் நான்காகப் பிரிந்தது. ஆனால் அந்த நகரம் சோவியத் பகுதிக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. 1948 ஜூன் 24 அன்று மேற்கு பெர்லினுக்கு வரும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் சோவியத் அடைத்துவிட்டது. உள்ளே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். மிச்சமிருந்தது வானம் மட்டும்தான். அதிலும் தலா 20 மைல் அகலத்தில் மூன்றே மூன்று பாதைகள். மாவு, பால் பவுடர், நிலக்கரி என்று எல்லாவற்றையும் விமானத்தில் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். ஒரு நாளைக்கு 4,500 டன் தேவை என்று கணக்குப் போட்டார்கள். ஆரம்பத்தில் கையில் இருந்த சி-47 விமானங்கள் ஒரு தடவைக்குச் சுமார் மூன்று டன்தான் சுமக்கும்.

முதல் ஒரு மாதம் வீரதீரமாகப் போனது. யார் கிளம்பத் தயாரோ அவர் கிளம்புவார். பெரியது, சிறியது, வேகமானது, மெதுவானது எல்லாம் ஒரே பாதையில். பத்திரிகைகளுக்கு நல்ல தீனி. டன்னர் ஜூலை கடைசியில் வந்து பார்த்தார். அவருக்குத் தலைசுற்றியிருக்க வேண்டும். போர்க்காலத்தில் அஸ்ஸாமிலிருந்து இமயத்தைத் தாண்டி சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன ‘ஹம்ப்’ பாதையைக் கடைசிக் கட்டத்தில் நடத்தியவர் அவர். சரக்குப் போக்குவரத்தில் பரபரப்பு இருந்தால் அங்கே ஏதோ தப்பு நடக்கிறது என்று நினைக்கிற ரகம்.

கறுப்பு வெள்ளி என்று பெயர் வாங்கிய அந்த நாளுக்குப் பிறகு விதிகள் மாறின. வானிலை எப்படி இருந்தாலும், வெயில் கொளுத்தினாலும் சரி, எல்லோரும் கருவிகளை நம்பியே பறக்கவேண்டும். கண்ணால் பார்த்துக் குறுக்கே போகும் வேலை இல்லை. வடக்குப் பாதையும் தெற்குப் பாதையும் உள்ளே வருவதற்கு, நடுப்பாதை வெளியே போவதற்கு. ஒருவழிச் சாலை, அவ்வளவுதான். கூடியவரை ஒரே ரக விமானம், பத்து டன் சுமக்கும் சி-54. எல்லாம் ஒரே வேகத்தில் போனால்தான் இடைவெளி கலையாது. பைலட்கள் பெர்லினில் இறங்கியதும் விமானத்தை விட்டு நகரக்கூடாது. வானிலைத் தகவல் ஜீப்பில் வரும். காபியும் தின்பண்டமும் வண்டியில் வரும், கொடுப்பதற்கு ஜெர்மன் பெண்களும் வருவார்கள். கேன்டீன் பக்கம் போய் அரட்டையடிக்கும் அரை மணி நேரத்தை டன்னர் அப்படி மிச்சம் பிடித்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: இறங்க ஒரே ஒரு வாய்ப்பு. தவறவிட்டால் சுற்றி வந்து மறுபடி முயற்சி செய்யக்கூடாது. பத்து டன் நிலக்கரியோடு அப்படியே நடுப்பாதையில் திரும்பிப் போய், கிளம்பிய இடத்தில் வரிசையின் கடைசியில் நிற்கவேண்டும்.

கேட்பதற்கு முட்டாள்தனமாகத் தெரியும். பெர்லின் வாசல் வரை வந்துவிட்டு, சரக்கோடு திரும்பிப் போவதா? ஆனால் கணக்கு வேறு மாதிரி சொன்னது. அடுக்கிலிருந்து ஒன்பது விமானங்களைப் பிரித்து இறக்க ஆகும் நேரத்தில், நேராக வருகிற வரிசையில் முப்பது விமானங்களை இறக்க முடிந்தது. காரணம் இதுதான்: அடுக்கில் கீழே இருக்கிற விமானம் இறங்கினால், மேலே உள்ள ஒவ்வொன்றும் ஒரு படி கீழே வரவேண்டும். ஒவ்வொரு படிக்கும் டவர் பேசவேண்டும், பைலட் பதில் சொல்லவேண்டும், வட்டத்தின் எந்த மூலையில் அவர் இருக்கிறார் என்று தெரியவேண்டும். ஓடுபாதை காலியாக இருக்கும். அதற்கான விமானம் வட்டத்தின் அந்தப் பக்கத்தில் இருக்கும். காத்திருப்பவர்களை வாசலில் கூட்டி வைத்தால் வாசலே அடைபடுகிறது. ரேஷன் கடையில் நின்றவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம்.

மூன்று நிமிட இடைவெளி என்றால் ஒரு மணிக்கு 20, ஒரு நாளைக்கு 480. டன்னருக்கு அந்தத் தாளம்தான் முக்கியம். 1949 ஏப்ரலில் ஈஸ்டரை ஒட்டி அவர் ஆட்களுக்கு ஒரு போட்டி வைத்தார். 24 மணி நேரத்தில் 1,398 விமானங்கள், 12,941 டன் சரக்கு. மூன்று விமான நிலையங்களையும் சேர்த்தால், கிட்டத்தட்ட நிமிடத்துக்கு ஒரு விமானம். அடுத்த மாதம் 12ஆம் தேதி சோவியத் முற்றுகையை விலக்கிக்கொண்டது. அந்தப் பதினைந்து மாதங்களில் 2,77,000க்கும் மேற்பட்ட பறப்புகள். 101 பேர் செத்தும் போனார்கள். அதையும் சேர்த்துத்தான் கணக்கு.

ஆனால் டன்னருக்கு ஒரு வசதி இருந்தது. நிலக்கரி பேசாது. திருப்பிக் கொண்டுபோனாலும் கோபப்படாது, கனெக்டிங் ஃப்ளைட் தவறிவிட்டது என்று கத்தாது. பைலட்கள் ராணுவத்தார்; சொன்னால் கேட்பார்கள். எத்தனை விமானம், எப்போது கிளம்பவேண்டும் என்பதை ஒரே மனிதர் முடிவு செய்கிறார். டிக்கெட் விற்கும் பத்துக் கம்பெனிகள், எல்லோருக்கும் காலை எட்டு மணிக்கு ஊர் போய்ச் சேர ஆசைப்படும் பயணிகள் என்று வந்தால் இந்த விதி என்னாகும்?

அதற்கு நியூயார்க்குக்குப் போகவேண்டும். கொஞ்சம் பின்னாலிருந்தே போவோம்.

அமெரிக்காவின் முதல் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் என்று சொல்லப்படும் ஆர்ச்சி லீக், 1929 வாக்கில் செயின்ட் லூயிஸ் நகரின் விமான மைதானத்தில் ஒரு தள்ளுவண்டியில் குடை, நாற்காலி, இரண்டு கொடிகளோடு உட்கார்ந்திருப்பார். ஒரு கொடி வரலாம் என்பதற்கு, இன்னொன்று பொறு என்பதற்கு. வரும் விமானங்கள் குறைவு என்பதால் அது போதும். 1935 டிசம்பரில் நெவார்க்கில் விமானக் கம்பெனிகள் தாங்களே சேர்ந்து ஒரு கட்டுப்பாட்டு அறை திறந்தன. பெரிய மேஜையில் வரைபடம். அதன்மேல் ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு சின்னக் குறி. ‘இறால் படகு’ என்று அதற்குச் செல்லப் பெயர். தொலைபேசியில் தகவல் வரவர, ஆட்கள் அந்தப் படகுகளைக் கையால் நகர்த்துவார்கள். போட்டிக் கம்பெனிகள் ஒன்றாக உட்காரவேண்டி வந்ததே, நெரிசல் அந்த அளவுக்குப் பயமுறுத்தியதால்தான். அடுத்த ஆண்டே அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது.

1956 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து சில நிமிட இடைவெளியில் கிளம்பிய இரண்டு விமானங்கள் கிராண்ட் கேன்யன் மேலே மோதி 128 பேர் இறந்தார்கள். அவ்வளவு பெரிய வானத்தில் அந்த இரண்டும் ஒரே புள்ளிக்கு எப்படி வந்தன என்று நாடே கேட்டது. அந்தப் பகுதியில் யாரும் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதுதான் பதில். பைலட்கள் தாங்களே கண்ணால் பார்த்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய விதி. இரண்டு வருடத்தில் புதுச் சட்டம் வந்தது, மத்திய விமானப் போக்குவரத்து அமைப்பு உருவானது.

சரி, இனி எல்லோரையும் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. ஆனால் காத்திருப்பவர்களை நிறுத்தி வைக்கும் இடம் மட்டும் மாறவில்லை. பெர்லினில் டன்னர் ஒழித்துக்கட்டிய அதே அடுக்குதான், நியூயார்க்கின் மேலே, பயணிகளோடு.

1960 டிசம்பர் 16 காலை. பனி, மூட்டம், லேசான மழை. சிகாகோவிலிருந்து வந்த யுனைட்டெட் கம்பெனியின் டிசி-8 ஜெட், ஐடில்வைல்ட் விமான நிலையத்தில் இறங்க வேண்டும். இன்று ஜேஎஃப்கே என்று சொல்கிறோமே, அதேதான். ஒஹாயோவிலிருந்து வந்த டிடபிள்யூஏ கம்பெனியின் சூப்பர் கான்ஸ்டலேஷன், பக்கத்திலிருக்கும் லகார்டியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. டிசி-8க்கு வந்த உத்தரவு: பிரஸ்டன் என்ற புள்ளிக்குப் போ, தேவைப்பட்டால் அங்கே வட்டமடித்துக் காத்திரு.

பிரஸ்டன் என்பது ஊரும் இல்லை, கோபுரமும் இல்லை. இரண்டு வானொலி அலைக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒரு கற்பனைப் புள்ளி. அந்தப் புள்ளி வந்துவிட்டதா என்று தெரிய இரண்டு ரிசீவர்கள் ஒரே நேரத்தில் வேலை செய்தால் வசதி. டிசி-8இல் ஒன்று பழுதாகியிருந்தது. பைலட்கள் தங்கள் கம்பெனிக்குச் சொன்னார்கள். கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லவில்லை. போதாததற்கு, நேரத்தை மிச்சம் பிடிக்க அவர்களுக்கு ஒரு குறுக்குப்பாதை கொடுக்கப்பட்டது. அதில் பிரஸ்டன் சுமார் 11 மைல் முன்னதாகவே வந்துவிடும். ஜெட் வேகத்தில் 11 மைல் என்பது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அவர்கள் காத்திருக்கவேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டார்கள். தாண்டியது அவர்களுக்கே தெரியவில்லை. அந்தப் பக்கம் லகார்டியாவுக்காக இறங்கிக்கொண்டிருந்த கான்ஸ்டலேஷன்.

ஒன்று ஸ்டேட்டன் தீவில் விழுந்தது. டிசி-8 இன்னும் சில மைல் தடுமாறிப் பறந்து, புரூக்ளினின் பார்க் ஸ்லோப் பகுதியில், வீடுகளும் கடைகளும் இருந்த தெருவில் விழுந்தது. இரண்டு விமானங்களிலும் 128 பேர், தரையில் ஆறு பேர். டிசி-8இல் வந்த 11 வயதுப் பையன் ஒருவன் மட்டும் பனிக்குவியலில் உயிரோடு கிடந்தான். தெருவாசிகள் ஓடிவந்து உடையில் பிடித்த தீயை அணைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தனியாகப் பயணம் செய்தவன். மறுநாள் அவனும் இறந்துவிட்டான்.

விசாரணைக்குப் பின் வேகக் கட்டுப்பாடு வந்தது, ரிசீவர் பழுதானால் கட்டுப்பாட்டு அறைக்கு உடனே சொல்லவேண்டும் என்ற விதி வந்தது. நியாயம்தான். ஆனால் அந்த விபத்தில் நான் திரும்பத்திரும்பப் பார்ப்பது வேறு ஒன்றை. அந்த விமானம் வழி தவறிப் போகவில்லை. சரியான ஊருக்குத்தான் வந்தது. ஊர் நிரம்பியிருந்தால் வெளியே நில் என்று ஓர் இடம் காட்டப்பட்டது. அந்த இடத்தைத்தான் அது கண்டுபிடிக்கவில்லை.

இங்கே ஒரு கணக்கு சொல்லவேண்டும். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங் 1909இல் தொடங்கிவைத்த கணக்கு. போனில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டி வரும் என்பது அவர் பிரச்சினை. போனுக்குப் பதில் ஓடுபாதையை வையுங்கள். ஒரு விமானம் இறங்க இரண்டு நிமிடம். அதாவது மணிக்கு 30 விமானம் இறங்கலாம். விமானங்கள் சீராக வராமல், முன்னே பின்னே வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 வந்தால் சராசரிக் காத்திருப்பு ஒரு நிமிடம். 24 வந்தால் நான்கு நிமிடம். 27 என்றால் ஒன்பது. இன்னும் ஒன்றரை விமானம் கூட்டி 28.5 ஆக்கினால், பத்தொன்பது நிமிடம்.

முதலில் ஒன்பது விமானங்களைக் கூட்டியதற்கு மூன்று நிமிடம்தான் கூடியது. கடைசியில் ஒன்றரை விமானத்துக்குப் பத்து நிமிடம். விமானத் தாமதத்தைப் பற்றிய பேச்சில் பாதிக் குழப்பம் இதைப் புரிந்துகொள்ளாததால் வருகிறது. போன வருஷத்தைவிட இந்த வருஷம் கொஞ்சம்தானே கூட்டம் அதிகம், ஏன் இவ்வளவு லேட் என்று கேட்கிறோம். அந்தக் கொஞ்சம் எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் விஷயம். ஓடுபாதை பாதி காலியாக இருக்கும்போது நூறு விமானத்தைக் கூட்டினாலும் யாருக்கும் தெரியாது. நிரம்பி வழியும் நேரத்தில் ஒன்றைச் சேர்த்தால், அதற்குப் பின்னால் நிற்கும் எல்லோரும் அதை உணர்வார்கள். அதுவும் சராசரிதான். மழை வந்து இரண்டு நிமிட இடைவெளி மூன்றாகிவிட்டால், மணிக்கு 30 என்பது 20 ஆகிவிடும். வருகிறவை 27 என்றால் வரிசை மணிக்கு ஏழு வீதம் வளரும், மழை நிற்கும்வரை. நின்ற பிறகும் அந்த வரிசை கரைய அதைவிட அதிக நேரம் பிடிக்கும். காலையில் ஒரு மணி நேர மழைக்கு மத்தியானம் வெயிலில் லேட்டாவது இப்படித்தான். அதே விமானம்தான் அன்றைக்கு ஐந்தாறு ஊர் போகவேண்டும் என்பதால், மழையே பெய்யாத ஊரிலும் ராத்திரி பத்து மணிக்கு யாரோ வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த இரண்டு நிமிட இடைவெளியை யார் வைத்தது? இயற்கையும் விதியும் சேர்ந்துதான். பெரிய விமானம் தன் இறக்கை நுனியிலிருந்து சுழல்காற்றை விட்டுவிட்டுப் போகும். பின்னால் வரும் சிறியது நெருங்கிப் போனால் கவிழ்ந்துவிடும். ஓடுபாதையில் முன்னவர் வெளியேறாமல் பின்னவர் தொடக்கூடாது. ஆனால் நெரிசல் நேரத்தில் கட்டுப்பாட்டாளர்கள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் இழுத்துப்பிடித்து ஒப்பேற்றுவார்கள். இது எவ்வளவு தூரம் நடந்துகொண்டிருந்தது என்பது 1968 கோடையில் வெட்டவெளிச்சமானது. புதிதாகத் தொடங்கிய பாட்கோ என்ற கட்டுப்பாட்டாளர் சங்கம், ஆள் பற்றாக்குறையையும் பழைய கருவிகளையும் கண்டித்துப் போராட நினைத்தது. வேலைநிறுத்தம் சட்டவிரோதம். அதனால் அவர்கள் செய்தது இவ்வளவுதான்: விதிப்புத்தகத்தில் என்ன இடைவெளி எழுதியிருக்கிறதோ, அதை அப்படியே, ஒரு அங்குலம் குறையாமல் கடைப்பிடித்தார்கள். நியூயார்க் ஸ்தம்பித்தது. விதியை மீறியதற்கு ஒருவரையும் தண்டிக்க முடியாது; விதியை மீறாததற்கு எப்படித் தண்டிப்பது? ஊர் ஓடிக்கொண்டிருந்ததே விதி மீறலில்தான் என்று நிரூபித்துக் காட்டிய அழகான போராட்டம் அது.

அடுத்த வருடம் அரசாங்கம் வேறு கதவைத் தட்டியது. ஜேஎஃப்கே, லகார்டியா, நெவார்க், சிகாகோ ஓஹேர், வாஷிங்டன் நேஷனல் ஆகிய ஐந்து விமான நிலையங்களில் மணிக்கு இத்தனைதான் என்று எண்ணிக்கைக்கே பூட்டு போட்டது. லகார்டியாவுக்கு 60. அந்த இடங்களுக்கு ‘ஸ்லாட்’ என்று பெயர். டன்னர் செய்ததன் அரசாங்க வடிவம். வந்தபின் திருப்பி அனுப்புவதைவிட, கிளம்பாமலே தடுப்பது. ஆனால் காற்றில் ஒரு நேரத்துண்டுக்கு விலை வந்துவிட்டது. யாரிடம் ஸ்லாட் இருக்கிறதோ அவர்கள் முதலாளி. புதிதாக வரும் கம்பெனி வாசலில் நிற்கவேண்டும்.

1981 ஆகஸ்ட் 3 அன்று அதே பாட்கோவின் சுமார் 13,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 48 மணி நேரம் கெடு வைத்த அதிபர் ரீகன், திரும்பாத 11,345 பேரை வேலையை விட்டே நீக்கினார். தொழிற்சங்க வரலாற்றில் அது தனிக் கதை, தனிக் கட்டுரை. நம் கதைக்கு முக்கியமான விளைவு ஒன்று. மிச்சமிருந்த கொஞ்சம் பேரால் வானத்தில் அடுக்குகளைப் பார்த்துக்கொள்ள முடியாது. அதனால் காத்திருப்பைத் தரைக்கு இறக்கினார்கள். போய்ச்சேரும் ஊரில் இடமில்லை என்றால், கிளம்பும் ஊரிலேயே நில். எழுபதுகளிலேயே எரிபொருள் தட்டுப்பாட்டின்போது முயன்று பார்த்த முறைதான். இப்போது அதுவே வழக்கமானது. நெருக்கடி முடிந்த பிறகும் யாரும் அதைக் கைவிடவில்லை. எரிபொருள் மிச்சம், ஆபத்து குறைவு. நம்ம ஊரிலும் இப்போது அதே முறைதான். சென்னையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், விமானம் கண்ணெதிரே நிற்கும், பைலட்டும் வந்துவிட்டார், ஆனாலும் கிளம்பாது. மும்பையிலோ டெல்லியிலோ இடமில்லை என்பதால். பயணிக்கு இது புரிவதில்லை என்பதில் ஆச்சரியமில்லை. யாரும் ஒழுங்காகச் சொல்வதும் இல்லை.

பூட்டைத் திறந்தால் என்ன ஆகும் என்பதையும் நியூயார்க் காட்டியது. 2000 ஏப்ரலில் வந்த ஒரு சட்டம், சிறு ஊர்களுக்குச் சேவை செய்யும் சிறிய விமானங்களுக்கு லகார்டியாவின் ஸ்லாட் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கொடுத்தது. நல்ல எண்ணம்தான். கம்பெனிகள் போட்டிபோட்டு நூற்றுக்கணக்கில் புதிய விமானங்களை அறிவித்தன. எர்லாங்கின் கணக்கு உடனே வேலையைக் காட்டியது. அந்த செப்டம்பரில், அமெரிக்கா முழுக்க நடந்த விமானத் தாமதங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று அந்த ஒரே சின்ன விமான நிலையத்தில். கடைசியில் அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? டிசம்பரில் குலுக்கல் நடத்தியது. நிஜமாகவே குலுக்கல் போட்டு, யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்று பிரித்துக் கொடுத்தது. நிலாவுக்கு ஆள் அனுப்பிய நாடு!

ஆக வானத்தில் நிறுத்திப் பார்த்தாயிற்று, தரையில் நிறுத்திப் பார்த்தாயிற்று, வாசலுக்கு வெளியே நிறுத்திப் பார்த்தாயிற்று. இன்னும் ஓர் இடம் உண்டு. அதுதான் எல்லாவற்றையும்விட சாமர்த்தியமானது. கால அட்டவணை.

1987இல் அமெரிக்க அரசு, எந்தக் கம்பெனி எவ்வளவு சரியான நேரத்துக்குப் போகிறது என்ற விவரத்தை வெளியிட ஆரம்பித்தது. அட்டவணை நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்துசேர்ந்தால் ‘சரியான நேரம்’. உத்தேசம் நல்லது: வெட்கப்பட்டாவது திருந்துவார்கள். கம்பெனிகள் வேறு வழி கண்டுபிடித்தன. பறக்க ஒன்றரை மணி நேரம் என்றால் அட்டவணையில் ஒன்றே முக்கால் என்று போட்டுவிட்டால் போயிற்று. அதில் நேர்மையான பகுதியும் இருக்கிறது. வரிசையில் நிற்கப்போவது நிச்சயம் என்றால் அதை முன்கூட்டியே சொல்வதுதான் முறை. பயணியும் அதை நம்பி அடுத்த ரயிலுக்கு டிக்கெட் போடலாம். ஆனால் இதில் ஒரு மாயம் நடக்கிறது. நெரிசல் கூடக்கூட, அட்டவணை நேரமும் கூடுகிறது, புள்ளிவிவரத்தில் தாமதம் கூடுவதில்லை. அரைமணி நேரம் ஓடுபாதை வரிசையில் நின்றுவிட்டு இறங்கும்போது, பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டோம் என்று அறிவிப்பார்கள். சிலர் கைதட்டவும் செய்வார்கள். சென்னையிலிருந்து பெங்களூருக்குக் காற்றில் இருப்பது பெரும்பாலும் முக்கால் மணி நேரத்துக்குள்தான். டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். மிச்சம் முழுவதும் ஏமாற்று என்று சொல்லமாட்டேன். தரையில் ஊர்ந்துபோகவும் நேரம் வேண்டும். ஆனால் அதற்குள் ஒரு வரிசையும் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

நெரிசலைக் குறைத்துக் காட்டும் எந்தக் கணக்கையும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். முப்பது வருட அட்டவணைகளை எடுத்து ஒரே தடத்தின் நேரத்தை ஒப்பிட்டால், விமானங்கள் மெதுவாகிவிட்டனவோ என்று தோன்றும். ஓரளவு உண்மையும்கூட, எரிபொருளை மிச்சம் பிடிக்கச் சற்று மெதுவாகத்தான் பறக்கிறார்கள். மற்றபடி அந்தக் கூடுதல் நேரத்தின் பெரும்பகுதி தரையில் இருக்கிறது.

மும்பைக்கு வருவோம். இரண்டு ஓடுபாதைகள், ஆனால் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. எனவே ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். சென்னை மீனம்பாக்கத்திலும் இரண்டும் குறுக்கிடுகிற கதைதான். அங்கே அளவு சிறியது. அந்த ஒற்றை ஓடுபாதையில் மும்பை 2018 டிசம்பரில் ஒரே நாளில் 1,007 விமானங்களைக் கையாண்டது. அன்றைக்கு அது சாதனைச் செய்தி. 1,440 நிமிடத்தில் 1,007. டன்னர் பார்த்தால் பொறாமைப்பட்டிருப்பார், அல்லது பயந்திருப்பார்.

2024 பிப்ரவரியில் மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட குறிப்பு வேறு மாதிரி பேசியது. மும்பை மேலே விமானங்கள் 40 முதல் 60 நிமிடம் வரை வட்டமடிக்கின்றன. ஒரு விமானம் வட்டமடிக்க மணிக்குச் சராசரி 2,000 கிலோ எரிபொருள். 40 நிமிடத்துக்குச் சுமார் 1.8 லட்சம் ரூபாய், 60 நிமிடத்துக்குச் சுமார் 2.6 லட்சம். இந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விழும் என்று குறிப்பிலேயே சொல்லியிருந்தார்கள்: பயணிகள் தலையில். நெரிசல் நேரத்தில் ஸ்லாட்களை அளவுக்கு மேல் கொடுத்தது, கொடுத்த நேரத்துக்குக் கம்பெனிகள் வராதது, இடையில் தனியார் ஜெட்கள் புகுந்தது என்று காரணங்களையும் அடுக்கினார்கள்.

தீர்வாக உச்ச நேரத்தில் மணிக்கு 46 என்பதை 44 ஆக்கினார்கள். மற்ற நேரத்தில் 44 என்பதை 42 ஆக்கினார்கள். இரண்டே இரண்டு விமானம். எர்லாங்கின் கணக்கு தெரியாதவர்களுக்கு இது கண்துடைப்பாகத் தெரிந்திருக்கும். தனியார் ஜெட்கள் வரக்கூடாத நேரத்தையும் நீட்டித்தார்கள். நீக்கவேண்டிய விமானங்கள் எவை என்ற பட்டியலோடு கம்பெனிகள் உட்கார்ந்தன. டிக்கெட் ஏற்கெனவே விற்றாயிற்று, கோடை விடுமுறைக்கு இரண்டு மாதம் இருந்தது.